மறு ஏலத்துக்கு வராத சீட்டு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஜாபர் பாய் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டைல்ஸ் வியாபாரி என்பார் ஒருவர். பம்பு மோட்டார் என்பார் இன்னொருவர். போன ரம்ஜானுக்கு முன்னால் அவர் குடோன் முழுக்கக் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்தான் அடைந்து கிடந்தது. எல்லாம் உண்மைதான். கப்பலில் வந்து இறங்கி, உரியவன் வந்து எடுக்காமல் மணலிப் பக்கத்து யார்டுகளில் மாதக்கணக்காகக் கிடக்கிற சரக்கை லாட்டு லாட்டாக ஏலம் விடுவார்கள். அதில் தேறுகிறதை எடுத்து வந்து பிரித்து விற்பதுதான் அவருடைய பிழைப்பு.

இந்தப் பிழைப்பில் அவருக்கு இரண்டே சட்டம். முதல் ஏலத்தில் கை வைக்கக் கூடாது, அது ஒன்று. கேட்ட விலைக்கு ஆள் வராவிட்டால் அதே சரக்கு மறு ஏலத்துக்கு வரும், விலையும் இறங்கி வரும். "வுடு. எங்க போய்டப் போவுது? சுத்திகினு நம்ம கைக்குத்தான் வரும்" என்பார். பெரும்பாலும் வந்தது. வராமல் போனதைப் பற்றி அவர் பேசுவதில்லை. எந்த வியாபாரிதான் பேசுகிறான்?

இரண்டாவது சட்டம், எடுக்கிறேன் என்று வாய் திறந்துவிட்டால் எடுத்தே ஆக வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு இதைவிட நல்ல லாட்டு கண்ணில் பட்டது என்று பின்வாங்குகிறவனை யார்டில் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். டெபாசிட்டும் போகும், பெயரும் கெடும். ஜாபர் ஒரு தடவைகூடப் பின்வாங்கியதில்லை. இதைச் சொல்லும்போது தாடியைத் தடவிக்கொள்வார். தடவட்டும், அந்தப் பெருமைக்கு அவருக்கு உரிமை உண்டு.

ஏலமெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது மனுஷன் கொஞ்சம் ஆடித்தான் போனார். அப்போது கை கொடுத்தவள் மகள் நவ்ரீன். பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிஃபார்மோடு அத்தா பக்கத்தில் உட்காருவாள். அவர் "வுடு" என்றால் விடுவாள், "எடு" என்றால் அழுத்துவாள். விட்ட சரக்கு அடுத்த ஏலத்தில் மறுபடி திரையில் வந்து நிற்கும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அது அவர்கள் இருவருக்கும் மட்டுமான சந்தோஷம்.

ஒரே பெண். குடோனில் கிடந்த பம்புகளைப் பிரித்துப் பார்த்தே வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்றாள். அம்மா ரஹீமுன்னிசா எதையும் படித்துக்கொள்ளட்டும் என்றாள், ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"காலைல போனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துரணும். ஆஸ்டல் கீஸ்டல்னு எங்கிட்ட பேசாதீங்க. இவ மூஞ்சியப் பாக்காம எனக்கு சோறு எறங்காது."

ஆக, வேண்டியது சென்னைக்குள் ஒரு சீட்டு. அது கிடைத்தால் நவ்ரீன் இன்ஜினியர், கிடைக்காவிட்டால் ரஹீமுன்னிசா வாசல்படி தாண்ட விடமாட்டாள். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் என்பது இப்போது ஆன்லைனில்தான் நடக்கிறது. விரும்புகிற கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசையாகப் போட வேண்டும், அதற்குப் பெயர் சாய்ஸ் ஃபில்லிங். நவ்ரீன் மெக்கானிக்கலை மேலே போட்டாள். ஜாபர் விடவில்லை. பெரிய கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சீட்டுகளை மேலே ஏற்றச் சொன்னார். "மேல கேட்டாத்தான்மா நடுவுலயாவது நிக்கும்." அவளும் அப்படியே மாற்றினாள். நான்காவதாக, மின்சார ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஓர் அரசுக் கல்லூரியின் மெக்கானிக்கல் நின்றது.

அவள் ரேங்குக்கு உரிய ரவுண்டு மூன்றாவது. அதுதான் கடைசி ரவுண்டும். ஆகஸ்ட் மாத வெயிலில், கல்மண்டபம் முனையில் இருக்கிற மொஹ்சினின் பிரவுசிங் சென்டரில் அப்பாவும் மகளும் போய் உட்கார்ந்தார்கள். வீட்டு லேப்டாப் அந்த வாரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. மொஹ்சின் அவள் பதிவு எண்ணைத் தட்டினான். டென்டேட்டிவ் அலாட்மெண்ட் என்று திரையில் வந்தது. அதாவது உனக்கு இதைத் தரலாம் என்று இருக்கிறோம், உன் பதில் என்ன என்று கேட்கிறார்கள். கிடைத்திருந்தது நான்காவது சாய்ஸ். ரயிலில் போய் வருகிற அந்த மெக்கானிக்கல்.

நவ்ரீன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

ஜாபருக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கண் அதற்குள் கீழே இருந்த கட்டங்களுக்குப் போய்விட்டது. முதல் கட்டம் ஆக்செப்ட் அண்ட் ஜாயின், ஒத்துக்கொண்டு சேர்ந்துவிடுவது. இரண்டாவது ஆக்செப்ட் அண்ட் அப்வேர்ட். மூன்றாவது டிக்ளைன் அண்ட் அப்வேர்ட், டிக்ளைன் என்றால் வேண்டாம் என்பது. கீழே இன்னும் சில இருந்தன.

"அப்வேர்ட்னா இன்னா மொஹ்சின்?"

"மேல போட்ட சாய்ஸ்ல யாராவது சேராம வுட்டா, அந்த சீட்ட நம்மளுக்குத் தருவாங்க பாய்."

"ரெண்டாவதே போட்டுரலாம் அத்தா. இதையும் வச்சுக்கலாம், மேலயும் கேக்கலாம்" என்றாள் நவ்ரீன்.

அங்கேதான் பிடித்தது சனியன். ஒன்றை ஒத்துக்கொண்டு கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்பதாவது! ஜாபர் அறிந்த உலகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அப்படிச் செய்தவர்கள் யார்டு கேட்டுக்கு வெளியே நின்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இது ஏதோ மாட்டிவிடுகிற கட்டம் என்று அவர் மனசுக்குப் பட்டது. ஒத்துக்கொண்டால் இதோடு கதை முடிந்தது, மேலே எதுவும் வராது. ஒத்துக்கொள்ளாமல் விட்டால்தானே கையில் துருப்பு இருக்கும்? மேலே கிடைத்தால் கம்ப்யூட்டர். கிடைக்காவிட்டால் இந்த மெக்கானிக்கல் எங்கே ஓடிவிடப் போகிறது, சுற்றிக்கொண்டு வரும்.

"மூணாவதப் போடு" என்றார்.

மொஹ்சின் மவுஸில் கை வைத்தபடி நவ்ரீனைப் பார்த்தான். அவள் அத்தாவைப் பார்த்தாள்.

"அத்தா, இது கண்டிப்பா திரும்பி வருமா?"

"வரும்மா. எத்தினி லாட்டு நீயே பாத்துக்கீற."

அவள் ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஜாபரின் போனுக்கு ஓடிபி வந்தது, அவர் ஒவ்வொரு எண்ணாகக் கணீரென்று படித்தார். வெளியே வந்து இரண்டு பேரும் ரோஸ்மில்க் குடித்தார்கள்.

மறுநாள் ஒரு கட்டு பிவிசி பைப்பை எடுத்துக்கொண்டு சுடலைராஜ் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். அண்ணாச்சி தென்காசிப் பக்கத்து ஆள், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை. சரக்குக்குச் சரக்கு வம்பு பேசி, பேச்சுக்குப் பேச்சு சண்டை போட்டு வளர்ந்த சிநேகிதம். அண்ணாச்சியின் தங்கை மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இதே கவுன்சிலிங்கில் சேர்ந்தவன். பெருமை தாங்காமல் ஜாபர் கதையைச் சொன்னார். பைப்பை எண்ணிக்கொண்டிருந்த அண்ணாச்சி எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுதீரு பாய்? டிக்ளைனா குடுத்தீரு? கடைசி ரவுண்டுலயா?"

"ஆமா. இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற?"

"எங்க பயலுக்கு ஆக்செப்ட் அண்ட் அப்வேர்டுதான்வே குடுத்தோம். எதுக்கும் நீரு அந்த உதவி மையத்துல போயி ஒரு வார்த்தை கேட்டுரும்."

பட்டும்படாமல் சொன்னதுதான், ஆனால் சொன்ன முகம் சரியில்லை. ஜாபர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பைப்பை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியில் ஒரு டேங்கர் லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது, அவர் ஒதுங்கவே இல்லை. டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டியது ஊருக்கே கேட்டிருக்கும், அவர் காதில் மட்டும் விழவில்லை.

கவுன்சிலிங்குக்கான உதவி மையம் ஒரு கல்லூரிக்குள் இருந்தது. மேசைக்குப் பின்னால் சங்கமித்ரா என்று பெயர் அட்டை மாட்டிய ஒரு மேடம், இளவயசு. காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மிப் போயிருந்தது. பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தாள்.

"டிக்ளைன் அண்ட் அப்வேர்ட் கன்ஃபர்ம் ஆகியிருக்கு சார்."

"அது தெரியும்மா. மேல கெடைக்கலேன்னா இந்த மெக்கானிக்கல் சீட்டு எப்ப திரும்பி வரும்? அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வராது சார். நீங்க வேண்டாம்னு சொன்ன உடனே அந்த சீட் உங்களுது இல்ல. அதைக் கேட்டு அடுத்த ரேங்க்ல நிக்கிற பிள்ளைக்குப் போயிடும்."

"யாரும் எடுக்கலேன்னா?"

"கவர்மெண்ட் காலேஜ் மெக்கானிக்கல் சார். எடுக்காம இருப்பாங்களா? ஆக்செப்ட் அண்ட் அப்வேர்ட் போட்டிருந்தா மேல கிடைக்கிற வரைக்கும் இது உங்க கையிலயே இருந்திருக்கும். மேல கிடைக்கலன்னா இதுலயே சேர்ந்திருக்கலாம்."

"ஒத்துக்கினு, கையில வச்சிக்கினே இன்னொண்ணு கேக்கலாமா? தப்பு இல்லியா அது?"

"தப்பே இல்ல சார். அதுக்காகத்தான் அந்த ஆப்ஷனே இருக்கு."

மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது, பூட்டியாகிவிட்டது. யாரையாவது பார்த்தால் நடக்குமா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். இனி ஒரே நம்பிக்கை மேலே உள்ள மூன்றில் ஏதாவது காலியாவதுதான், அதற்கும் ஒரு வாரம் போக வேண்டும். அதுவும் இல்லையென்றால் சப்ளிமென்டரி கவுன்சிலிங் ஒன்று வரும். எல்லோரும் எடுத்தது போக மிச்சம் கிடக்கிற சீட்டுகளுக்கு நடப்பது, புதிதாகப் பதிவு செய்து கேட்கலாம். என்ன மிஞ்சும், எந்த ஊரில் மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மிச்சம் கிடக்கிறதை எடுத்துப் பிழைத்தவர்தான் ஜாபர். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்றே தெரியாமல் கல்லூரி வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

வீட்டில் சொன்னாரா? இல்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? அந்த வாரம் முழுக்க மனுஷன் நடமாடினாரே தவிர உயிரோடு இருந்தார் என்று சொல்ல முடியாது. காலையில் மீன் வாங்கப் போய் வெறும் பையோடு திரும்பி வந்தார். யார்டில் நல்ல பிரேக் வயர் லாட்டு ஒன்று வந்தது, முதல் முறையாகப் பார்க்கக்கூடப் போகவில்லை. அசர் தொழுகையில் நின்றுகொண்டு என்ன ஓதினோம் என்று மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மின்சார ரயில் வீட்டுக்குப் பின்னால் போகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும், இத்தனை வருஷம் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு வண்டியும் அந்தக் கல்லூரிக்கே போவதாகத் தோன்றியது.

"இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? பேயடிச்ச மாதிரி கீறீங்க" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

நவ்ரீன் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் அவரை இன்னும் வாட்டியது. ரயில் பாஸ் எடுக்க வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து எங்கோ உள்ளே வைத்துவிட்டாள். அவர் அதைக் கவனித்தார்.

அப்வேர்ட் முடிவு வந்தது. மேலே ஒன்றும் நகரவில்லை. நவ்ரீன் போனில் பார்த்துவிட்டு அத்தாவின் கையில் கொடுத்தாள். அலாட்மெண்ட் இல்லை என்று ஒரே ஒரு வரி. அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சீட்டு திரும்பி வராது என்பதை, அது வேறு யாரோ பிள்ளைக்குப் போய்விட்டதை, மையத்தில் அந்த மேடம் சொன்னதை.

"எனக்கு தெரிலம்மா. ஏலம் மாதிரினு நெனச்சிக்கினேன். முட்டாள்தனம் பண்ட்டேன்."

"எனக்குத் தெரியும் அத்தா" என்றாள் நவ்ரீன்.

ஜாபர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரூல்ஸ் புக்கு முழுசாப் படிச்சேன். டிக்ளைன் பண்ணா போயிடும்னு அதுல போட்டிருந்துச்சு."

"அப்பறம் ஏம்மா வாயத் தொறக்கல?"

"கேட்டேனே அத்தா, திரும்பி வருமான்னு. நீங்க வரும்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அச்சடித்த புத்தகம் ஒன்று சொல்லியிருக்கிறது, அத்தா வேறொன்று சொல்லியிருக்கிறார், பிள்ளை அத்தாவை நம்பியிருக்கிறாள். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். ரஹீமுன்னிசா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து டக்கென்று அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சப்ளிமென்டரிக்குப் பதிவு செய்தார்கள். காலியிடப் பட்டியலை நவ்ரீன்தான் பார்த்தாள், சாய்ஸை அவளே வரிசைப்படுத்தினாள். ஜாபர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. சென்னைக்குள் அரசுக் கல்லூரி மெக்கானிக்கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தனியார் கல்லூரிகளில் இருந்தது, ஆனால் அந்தக் கல்லூரிகளைப் பற்றி நவ்ரீன் கேள்விப்பட்டது எதுவும் நன்றாக இல்லை. கடைசியில் அவள் முதலாவதாகப் போட்டது தென்காசிக்குப் போகிற வழியில் இருக்கிற ஓர் அரசுக் கல்லூரியை. அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லும்படி ஆகாது, கிடைத்தால்தானே பிரச்சினை என்று நினைத்தாளோ என்னவோ.

கிடைத்துவிட்டது.

மொஹ்சின் கடையில்தான் பார்த்தார்கள். இந்தத் தடவை ரஹீமுன்னிசாவும் கூட வந்திருந்தாள். அவரைத் தனியாக விட்டால் மறுபடி எதையாவது விட்டுவிட்டு வந்து நிற்பார் என்று அவளுக்குப் பயம். விவரம் தெரிந்ததும் சுடலைராஜுக்குப் போன் போட்டார் ஜாபர்.

"ஏ, அது எங்க சித்தி வீட்டுக்கு அடுத்த பஸ் ஸ்டாப்புலா! புள்ளையைத் தைரியமா அனுப்பும்வே. லீவு விட்டா எங்க ஊரு வீட்டுல வந்து இருக்கட்டும்" என்று ஸ்பீக்கரில் கத்தினார் அண்ணாச்சி.

அனுப்புவது என்ற வார்த்தையைக் கேட்டதும் ரஹீமுன்னிசாவின் முகம் மாறியது. ஆஸ்டல். ஒரு ராத்திரி முழுக்க ரயில். சாயங்காலம் வீட்டுக்கு வராத பெண். ஜாபர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது அவள் முடியாது என்றால் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது. ரயிலில் போய் வருகிற சீட்டை விட்டது அவர் வாய். நவ்ரீன் யாரையும் பார்க்காமல் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாரோ பிரிண்ட் எடுக்க நின்றார்கள், மொஹ்சின் அவர்களைக் கையமர்த்திவிட்டுக் காத்திருந்தான்.

ரஹீமுன்னிசா கணவர் பக்கம் திரும்பினாள். அந்த இரண்டு நாளுக்கப்புறமும் அவரோடு சோறு, தண்ணி தவிர வேறு பேசாதவள்.

"இன்னாங்க. இத வேணாம்னு வுட்டா, திரும்பி வருமா?"

ஜாபர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"வராது" என்றார்.

"அப்ப எடுங்க."

"ரஹீமா, ஆஸ்டலு..."

"சோறு எறங்கலேன்னா எறங்காம போவட்டும். எடுங்கன்றேன்ல."

மொஹ்சின் மவுஸை நவ்ரீன் பக்கம் நகர்த்தினான். அவள் ஒத்துக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி அத்தாவைப் பார்த்தாள், பழக்கம்தான், ஏலத்தில் எத்தனையோ தடவை பார்த்த மாதிரியே. ஜாபர் "எடு" என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"என்னைப் பாக்காத. நீ சொல்லும்மா."

"எடுக்குறேன் அத்தா" என்று சொல்லி அழுத்தினாள்.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், கண்ணாடி மங்கியிருந்தது, கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். ஓடிபியின் முதல் எண்ணைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், அதற்குமேல் குரல் வரவில்லை. ரஹீமுன்னிசா அவர் கையிலிருந்து போனை வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.